ஒற்றைக் கட்டில் அறை

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

கடுகு எழுதிக்கொள்வது. புதுச் செருப்பு கடித்த குதிகாலைத் தவிர மற்ற இடமெல்லாம் சௌக்கியம். அத்தானுக்கு இடது கை கொஞ்சமாவது அசைகிறதா? பாப்பா எப்படி இருக்கிறாள்? போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் உன் வீட்டுப் போன் அத்தானின் தலைமாட்டில் இருக்கிறது. எதைக் கேட்டாலும் "ம்", "ஆமா" என்பதோடு முடித்துக்கொள்வாய். நமக்குக் கடிதம்தான் சரி.

எனக்குப் புது வேலை. பத்து வருஷமாகப் பதிப்பகத்தில் எழுத்துப்பிழை பொறுக்கிக்கொண்டிருந்தவளைப் பதிப்பாசிரியர் அம்மா கூப்பிட்டு, "தனியா ஊருக்குப் போறவங்க தங்கறதுக்கு, கையைக் கடிக்காத ஓட்டல் எங்கெங்க இருக்குன்னு ஒரு புத்தகம் போடறோம். பன்னிரண்டு ஊரு. நீயே போய்த் தங்கிப் பாத்துட்டு வா. ஒத்தை ஆளு, உனக்குத்தான் இது பொருத்தம்" என்றார். பாராட்டா, குத்தலா என்று தெரியவில்லை. உடனே பையைத் தூக்கிவிட்டேன்.

வேலை செய்யும் விதம் இதுதான். முன்கூட்டி அறை சொல்லிவைக்கக் கூடாது. நான் யார் என்று சொல்லக் கூடாது. மாலை நாலு மணிக்கு ஒரு பையோடு போய் நின்று, "ஒரு ஆளுக்கு ரூம் வேணும்" என்று கேட்க வேண்டும். அப்போது அவர்கள் முகம் போகிற போக்குக்கு முதல் மதிப்பெண். பிறகு தாழ்ப்பாளை உலுக்கிப் பார்க்க வேண்டும். பக்கத்து அறைக்காரன் பால்கனி தாண்டி என் ஜன்னலுக்கு வர முடியுமா என்று பார்க்க வேண்டும். சாவி கொடுக்கும்போது பத்துப் பேர் காதில் விழ அறை எண்ணைக் கத்துகிறார்களா என்று கவனிக்க வேண்டும். தேறினால் புத்தகத்தில் இடம். மோசம் என்றால் கறுப்புப் புள்ளி. எங்கள் பதிப்பகத்தின் கறுப்புப் புள்ளி வாங்கிய ஓட்டல் இரண்டு வருஷத்தில் மரச்சாமான் கடையாகிவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பட்டியலில் ஒன்பதாவது ஊர் அந்த ஊர். ஓட்டல்களில் ஒன்று அந்த ஓட்டல். ரயில் நிலையத்துக்குப் பின்னால், கண்ணாடிக் கடைக்கு அடுத்த மூன்று மாடி. இன்னும் இருக்கிறது.

உனக்குத் தெரியாத கதையில்லை. ஆனாலும் எழுதுகிறேன், எழுத எழுதத் தெம்பு வருகிறது. வரைபட அலுவலகத்தின் எழுத்துத் தேர்வில் மூன்றாவதாக வந்தவள் நான். மறுநாள் காலை எட்டு மணிக்கு நேர்முகம். அறைக்குப் பதிவு செய்த ரசீதோடு மாலை ஐந்து மணிக்குப் போய் நின்றேன். முன்வழுக்கை விழ ஆரம்பித்த அந்த ஆள் என் பெயரைக் கேட்டதும் ரிஜிஸ்டரை மூடினான்.

"ரூம் இல்லம்மா."

"ரசீது இருக்கே."

"தனியா வர்ற பொண்ணுங்களுக்குக் குடுக்கறதில்ல. பேசாம வீட்டுக்குப் போ."

இருட்டுவதற்குள் ஏழு லாட்ஜ் ஏறி இறங்கினேன். ஒருத்தனும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஸ்டேஷனில் உட்கார்ந்தவளைப் போலீஸ்காரி ஒருத்தி விசாரித்து, ஊருக்குப் போகிற ரயிலில் ஏற்றிவிட்டாள். மூன்று மாதத்தில் உனக்குக் கல்யாணம். ஏற்கெனவே பக்கவாதத்தில் விழுந்திருந்த அப்பாவுக்குப் பக்கத்தில் நான், ஒன்பது வருஷம். இருபத்து நாலு வருஷமாக அந்த வழுக்கைத் தலையை நான் மறக்கவில்லை அக்கா. இந்த முறை அவனை ஒரு கை பார்க்காமல் விடுவதில்லை.

உன் மூட்டு வலிக்குக் களிம்பு அனுப்பியிருக்கிறேன். உன் பதிலை எதிர்பார்த்து,

கடுகு

*

பிப்ரவரி 20

கடுகுக்கு,

உன் கடிதமும் களிம்பும் வந்தன. களிம்பு நாற்றம் தாங்கவில்லை, வலி அப்படியே இருக்கிறது. நான் சுகம் என்று எழுதினால் நீ நம்பவா போகிறாய். அத்தானுக்குக் கையில் மாற்றமில்லை. பேச்சு மட்டும் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. தெளிந்ததும் முதலில் சொன்னது "உப்பு பத்தல".

தன் அப்பாவென்று முகம் சுளிக்காமல் பாப்பாதான் அவரைத் தூக்கி உட்கார வைக்கிறாள், துடைக்கிறாள், பக்கம் மாற்றிப் போடுகிறாள். எனக்கு அவர் பக்கம் போனாலே கை நடுங்குகிறது. நம் அப்பா படுத்தபோதும் எனக்கு அப்படித்தான், உனக்கே தெரியும். சிலருக்கு அந்த மனசு இருக்கிறது, சிலருக்கு இல்லை. பாப்பா இல்லாவிட்டால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி.

தனியாக ஊர் ஊராகப் போகிறாய், தண்ணீரைக் காய்ச்சிக் குடி. கதவுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டுத் தூங்கு.

அந்த ஒன்பதாவது ஊருக்கு வேறு யாரையாவது அனுப்பச் சொல்லேன். முடிந்துபோனதைக் கிளறி என்ன ஆகப்போகிறது? உனக்கு ரத்தக் கொதிப்பு வேறு.

அடுப்பில் பால் இருக்கிறது. நிறுத்துகிறேன்.

அக்கா

*

மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலமா? நான் நலம், கொதிப்பு மாத்திரையும் ஒழுங்காகப் போடுகிறேன். நீ சொன்னபடி கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டேன். அந்த அறையின் நாற்காலிக்கு மூன்று கால்தான். கதவு இருந்ததால் நாற்காலி நின்றது.

நான்காவது ஊரில் இருக்கிறேன். நேற்று ஒரு லாட்ஜில் ரிசப்ஷன்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கூட யாரும் வரலையா?" என்றார். "வந்திருக்காங்க, பைக்குள்ள இருக்காங்க" என்றேன். அவர் எட்டிப் பையைப் பார்த்தார் அக்கா, சத்தியமாக.

இன்னொரு இடத்தில் அறை நன்றாக இருந்தது, விலையும் நியாயம். ஆனால் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை. கேட்டால், "தனியாத்தானே இருக்கீங்க, தாழ்ப்பாள் எதுக்கு?" என்கிறார். அந்தப் பதிலுக்காகவே ஒரு மதிப்பெண் கொடுத்துவிட்டு, மீதியைக் குறைத்துவிட்டேன்.

அந்த ஓட்டல் பற்றி விசாரித்தேன். அந்த ஆள் இன்னும் அங்கேதான் இருக்கிறானாம், இப்போது மேனேஜராம். கேட்டதிலிருந்து எனக்குப் பசி நன்றாக எடுக்கிறது. அவனைப் பற்றிய குறிப்பை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டேன், கேள்: "பதிவு செய்த ரசீதோடு போனாலும் வாசலிலிருந்தே திருப்பி அனுப்புவார்கள். தனியாக வருபவர்கள் இந்தத் தெருப் பக்கமே போக வேண்டாம்." பக்கத்தில் கறுப்புப் புள்ளி. புத்தகம் அச்சானதும் முதல் பிரதியை நானே கொண்டுபோய் அவன் மேஜையில் வைத்து, பக்கத்தைத் திருப்பிக் காட்டி, அவன் படித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பேன்.

போவது மே மாதம். நான் போகாமல் இருப்பேன் என்று கனவு காணாதே. அத்தானுக்கு உப்பைக் கொஞ்சம் கூட்டிப் போடு.

கடுகு

*

ஏப்ரல் 29

கடுகுக்கு,

பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வெள்ளை அடித்தோம், பேனா எங்கே போனதென்று தெரியவில்லை. எல்லோரும் ஏதோ இருக்கிறோம்.

மே மாதம் நீ இங்கே வந்துவிடேன். அந்த வேலைக்கு லீவு போடு. மாடி அறையை உனக்காக ஒழித்து வைக்கிறேன், ஜன்னல் பெரியது. உன்னைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. நீ வந்தால் அத்தானுக்கும் தெம்பாக இருக்கும்.

அந்த ஆளைப் போய்ப் பார்க்காதே. வயதானவன். அவன் என்ன செய்வான் பாவம், யாரோ சொன்னதைச் செய்திருப்பான். அவன் பிழைப்பில் மண்ணைப் போட்டு உனக்கு என்ன கிடைக்கப்போகிறது?

பாப்பா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வானிலை ஆய்வு நிலையத்துக்கு ஏதோ பரீட்சை எழுதி, தேறியும்விட்டாளாம். கிடக்கட்டும்.

மே மாதம் வருகிறாயா இல்லையா என்று உடனே எழுது.

அக்கா

*

மே 17

மதிப்புக்குரிய பதிப்பாசிரியர் அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததென்று அலுவலகத்தில் சொன்னார்கள். மகிழ்ச்சி. இதை யாரையாவது படித்துக் காட்டச் சொல்வீர்களென்றால், நம்பகமான ஆளாகப் பாருங்கள்.

ஒன்பதாவது நகரத்தின் ஐந்து ஓட்டல் குறிப்புகளை இணைத்திருக்கிறேன். நான்கில் சிக்கலில்லை. ஐந்தாவது ஓட்டலுக்கு நான் நடுநிலையோடு போகவில்லை. கறுப்புப் புள்ளியைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன். இளம் வயதில் என்னை அங்கே அறை தராமல் துரத்தினார்கள், அதனால் ஒரு வேலை போயிற்று. இதை உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்னை அனுப்பியிருக்க மாட்டீர்கள்.

நாலு நாள் தங்கினேன். குற்றம் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. தாழ்ப்பாளை உலுக்கினேன், சுவர்தான் அசையும் போலிருந்தது. தலையணை உறையை முகர்ந்தேன், சோப்பு வாசனை. சாவியோடு அறை எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்துத் தந்தார்கள். "கூட யாரு?" என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. ஒரு கரப்பான்பூச்சியாவது வந்து என் மானத்தைக் காப்பாற்றாதா என்று குளியலறை விளக்கைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் பொறுக்க முடியாமல் நான்காம் நாள் காலை மேனேஜர் அறைக்குப் போனேன். இப்போது முழு வழுக்கை.

"என்னை ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"இல்லம்மா. தப்பா எடுத்துக்காதீங்க, தினம் எத்தனையோ பேரு."

தேதியைச் சொன்னேன். எனக்கு மறக்காத தேதி. ரசீது, ஐந்து மணி, அவர் சொன்ன வார்த்தைகள், எல்லாவற்றையும் கொட்டினேன். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும். அவர் எழுந்து பரணிலிருந்து ஒரு கட்டு நோட்டுகளை இறக்கினார்.

"அப்ப இருந்த முதலாளிக்குச் சந்தேகம் ஜாஸ்திம்மா. ரூம் காலியா இருந்தா, நாங்க ரிஜிஸ்டர்ல ஏத்தாம ஆளைத் தங்க வெச்சிருக்கோம்னு நினைப்பாரு. அதனால யாரைத் திருப்பி அனுப்பினாலும், ஏன் அனுப்பினோம்னு அன்னன்னிக்கே எழுதி வைக்கணும். பொய் எழுதினா வேலை போயிடும்."

அந்தத் தேதியின் பக்கத்தை எடுத்தார். அவர் கையெழுத்து. அப்படியே எழுதுகிறேன்:

"மாலை 5.10. தனியாக வந்த பெண், வயது 21 இருக்கலாம். பதிவு ரசீது வைத்திருந்தார். அனுப்பிய காரணம்: பகல் 2 மணிக்கு வெளியூரிலிருந்து தொலைபேசி. பேசியவர் பெண்ணின் அக்கா. வீட்டுக்குத் தெரியாமல் ஓடி வருகிறாள், அறை கொடுத்தால் போலீசில் சொல்வோம் என்றார். பெண்ணின் பெயர் கேட்டதற்கு முதலில் கடுகு என்றார், பிறகு முழுப் பெயர் சொன்னார்."

அம்மா, என்னைக் கடுகு என்று கூப்பிடுகிற ஆள் உலகத்தில் ஒருத்திதான். அப்பாவுக்குக்கூட அந்தப் பெயர் தெரியாது. நான் எந்த ஓட்டலில் தங்கப்போகிறேன் என்பது தெரிந்ததும் அவளுக்கு மட்டும்தான். அறை கேட்டு நான் எழுதிய கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்டதே அவள்தான்.

நான் அன்றைக்கு வேலையில் சேர்ந்திருந்தால், படுத்துவிட்ட அப்பாவை விட்டுவிட்டு அவள் கல்யாணம் செய்துகொண்டு போயிருக்க முடியாது. இவ்வளவு சின்ன விஷயத்தைக் கூட்டிப் பார்க்க எனக்கு இருபத்து நாலு வருஷம் ஆகியிருக்கிறது.

"அழுதுகிட்டே பேசினாங்கம்மா. நல்லது பண்றதா நினைச்சுத்தான் பண்ணேன்" என்றார் மேனேஜர். "ரசீதைப் பாத்த பிறகாவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன். "கேட்டிருக்கணும்" என்றார். அந்தப் பக்கத்தைக் கிழித்து என் கையில் கொடுத்தார்.

ஓட்டல் புத்தகத்தில் இடம்பெறட்டும். முழு மதிப்பெண். கறுப்புப் புள்ளி என்னிடமே இருக்கட்டும், அதற்கு வேறு இடம் இருக்கிறது.

கண்ணுக்குச் சொட்டு மருந்தை மறக்காதீர்கள்.

தங்கள் உண்மையுள்ள ஊழியர்

*

மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீ, அத்தான், பாப்பா எல்லோரும் சுகம்தானே? எனக்கு ஒரு குறையுமில்லை.

லீவு கிடைக்கவில்லை, அதனால் அந்த ஊருக்குப் போய்விட்டு வந்தேன். ஓட்டல் படு சுத்தம். அந்த மேனேஜர் நல்ல மனிதர். ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அவர் மேல் எனக்கு இப்போது அவ்வளவாகக் கோபமில்லை. கறுப்புப் புள்ளியும் வைக்கவில்லை.

நீ சொன்னதைக் கேட்டிருக்கலாம். எனக்கு எது நல்லது என்று நீ எப்போதுமே யோசித்துத்தான் செய்திருக்கிறாய்.

பாப்பாவுக்கு வாழ்த்துச் சொல். அவளுக்குத் தனியாகவும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன்.

கடுகு

*

ஜூன் 30

என் அன்பான கடுகுக்கு,

எப்படி இருக்கிறாய்? இங்கே எல்லோரும் நலம் என்றுதான் எழுத வேண்டும். உன் கடிதம் வந்து ஐந்து வாரத்துக்கு மேலாகிவிட்டது, எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அந்த ஆளிடம் ரொம்ப நேரம் பேசினேன் என்று எழுதியிருந்தாயே, அப்படி என்ன பேசினீர்கள்? சும்மாதான் கேட்கிறேன்.

எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? ஒரு உதவி வேண்டும். பாப்பாவுக்கு நேர்முகத்துக்குக் கடிதம் வந்துவிட்டது. அதே ஊரில்தான். ஜூலை 21. தேறிவிட்டால் ஏதோ ஒரு தீவில் மூன்று வருஷம் வேலையாம், மழையை அளக்கிற வேலை. மழையை அளந்து யாருக்கு என்ன? அவள் போய்விட்டால் இவரை யார் தூக்குவது? போகக் கூடாது என்று நான் சொன்னால் இன்னும் பிடிவாதம் பிடிப்பாள். தனியாகவே போவேன் என்கிறாள். உன்னை மாதிரியேதான்.

நீ ஒன்று செய். தங்க நல்ல இடம் பார்த்துத் தருகிறேன் என்று அவளுக்கு எழுது, உன்னை நம்புவாள். அங்கே அவள் போய் நிற்கும்போது இடமில்லை என்று சொல்லச் சொல். உனக்குத் தெரியாத மேனேஜரா? ஒரு சாயங்காலம் நாலு கதவைத் தட்டிப் பார்த்தால் பயந்துபோய்த் தானாக வீடு வந்து சேர்ந்துவிடுவாள். அவளுக்கு ஒன்றும் ஆகிவிடாது. உனக்கு என்ன ஆகிவிட்டது, நன்றாகத்தானே இருக்கிறாய்?

நான் கேட்டேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். இதைப் படித்ததும் கிழித்துப் போடு.

அக்கா

*

ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கவலையை விடு, எல்லா ஏற்பாடும் செய்துவிட்டேன். அதே ஓட்டல், அதே மேனேஜர். நானே அவரிடம் போனில் பேசினேன். பாப்பா போய் நிற்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அவளைச் சிரித்த முகமாக வழியனுப்பு. சந்தேகம் வரக் கூடாது.

கடுகு

*

ஜூலை 24

அன்புள்ள சித்திக்கு,

பாப்பா எழுதுவது. நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று தெரியாததால் பதிப்பக விலாசத்துக்கே அனுப்புகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறதா?

வேலை கிடைத்துவிட்டது சித்தி. இருபத்தாறு பேரில் நாலு பேரை எடுத்தார்கள், அதில் இரண்டாவது நான். செப்டம்பர் முதல் வாரம் சேர வேண்டும்.

ஓட்டலில் மேனேஜரே வாசலில் நின்றுகொண்டிருந்தார். "வாங்கம்மா, உங்களுக்கு ஒத்தைக் கட்டில் ரூம், ரெண்டாவது மாடி" என்று பையை வாங்கிக்கொண்டார். காலையில் ஆறு மணிக்குத் தேநீர் வந்தது. ஏழரைக்கு வாசலில் வண்டி தயாராக நின்றது. நேர்முகம் முடிந்து நான் திரும்பும்வரை மனிதர் சாப்பிடவில்லையாம். கிடைத்துவிட்டது என்றதும் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் பிடித்திருந்தது.

அம்மாதான் உங்களைக் கேட்டு இந்த இடத்தை ஏற்பாடு செய்யச் சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அது இதைவிட ஆச்சரியம். நான் போவதே அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "நீ மட்டும் இல்லன்னா இது நடந்திருக்காதும்மா" என்று சொன்னேன். அப்பாவிடமும் சொன்னேன். அப்பா வலது கையால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். தெரு முழுக்க அம்மாவைப் பற்றித்தான் பேச்சு.

போவதற்கு முன் உங்களைப் பார்க்க வருவேன். எந்த ஊர் என்று சொல்லுங்கள், தங்குமிடம் நானே தேடிக்கொள்கிறேன்.

அன்புடன்,
பாப்பா

*

ஆகஸ்ட் 8

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

என்ன காரியம் செய்துவிட்டாய்? உன்னை நம்பி என் குடும்பத்தை உன் கையில் கொடுத்தேன். நீ என் மகளைப் பிரித்து அனுப்பிவிட்டு, பழியை நன்றியாக்கி என் தலையில் கட்டியிருக்கிறாய். அவள் தினம் பத்துத் தடவை "எங்கம்மா எங்கம்மா" என்று எல்லோரிடமும் சொல்கிறாள். நான் போகாதே என்று இப்போது எந்த வாயால் சொல்வது? அத்தான் என்னைத் தெய்வத்தைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

உனக்கும் எனக்கும் என்ன பகை? சின்ன வயதில் உனக்குத் தலை பின்னிவிட்டவள் நான். எதற்காக இந்த வஞ்சம்?

சரி, செய்ததுதான் செய்தாய். அவள் செப்டம்பரில் கிளம்புகிறாள். நீ வந்து இங்கே இரு. அப்பாவைப் பார்த்தவள், உனக்கு நோயாளியைப் பார்க்கிற வேலை பழக்கம். உனக்கென்ன குடும்பமா, குழந்தையா? ஓட்டல் ஓட்டலாகத் தூங்குவதற்கு இங்கே மாடி அறையில் தூங்கு. என்றைக்கு வருகிறாய் என்று எழுது.

அக்கா

*

ஆகஸ்ட் 19

அக்காவுக்கு,

நான் நலம். பன்னிரண்டாவது ஊரில் இருக்கிறேன். அறை சின்னது, ஆனால் பூட்டு நல்ல பூட்டு.

என்ன பகை என்று கேட்டிருந்தாய். இத்துடன் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன், படி. அது நகல். அசல் என்னிடம் இருக்கிறது. அந்த ஓட்டலில் திருப்பி அனுப்பியவர்களைப் பற்றி அன்றன்றைக்கு எழுதி வைத்த நோட்டின் ஒரு பக்கம். பகல் இரண்டு மணிக்கு நீ பேசியது அதில் இருக்கிறது. அழுதுகொண்டே பேசினாயாம். அவசரத்தில் என் பெயரைக் கேட்டதற்கு என்ன சொன்னாய் என்றும் இருக்கிறது.

இருபத்து நாலு வருஷம் ஒரு வழுக்கைத் தலையைச் சபித்திருக்கிறேன். அத்தனை சாபமும் விலாசம் தவறிப் போயிருக்கிறது. நான் ரயிலிலிருந்து இறங்கி வந்த அன்று வாசலில் நின்று என்னைக் கட்டிக்கொண்டு, "விடுடி, உனக்குக் குடுத்து வெச்சது அவ்வளவுதான்" என்றாயே, அதை நினைத்தால்தான் இப்போதும் வயிறு எரிகிறது. போன் பண்ணியதைக்கூட ஒரு நாள் மன்னித்துவிடுவேனோ என்னவோ. அந்தக் கட்டிப்பிடிப்பை மன்னிக்க மாட்டேன்.

நீ பயப்படாதே, பாப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. இனியும் சொல்லப்போவதில்லை என்று உனக்கு வாக்குக் கொடுக்கவும் இல்லை. ஜூன் மாதம் நீ கிழித்துப் போடச் சொன்ன கடிதமும் பத்திரமாக இருக்கிறது. அவள் உன்னைக் கொண்டாடட்டும். தெருவும் கொண்டாடட்டும். நீ அந்தக் கொண்டாட்டத்தோடு இரு.

நான் வரமாட்டேன். ஆனால் பழக்கம் இருக்கிறது என்று நீயே எழுதியிருப்பதால், தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன். கவனமாகப் படி. ஒருமுறை தப்பாகச் செய்தால் படுக்கைப்புண் ஆறுவதற்கு இரண்டு மாதம் ஆகும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். அலாரம் வைத்துக்கொள், மனசை நம்பாதே. புரட்டும்போது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் உன் கை போக வேண்டும். முழங்காலை மடக்கிக்கொண்டு தூக்கு, குனிந்து தூக்கினால் உன் முதுகு போய்விடும். குதிகாலுக்கு அடியில் சின்னத் தலையணை. துடைத்த பிறகு ஈரம் இருக்கக் கூடாது, விரல் இடுக்குகளையும் பார். உட்கார வைத்துத்தான் சாப்பாடு, சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வைக்காதே. அவர் சிடுசிடுத்தால் பதில் பேசாதே, வலியில் பேசுகிற பேச்சு அது. உன் கை நடுங்குவதைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கும் நடுங்கியது. எட்டாவது நாள் நின்றுவிடும்.

முதல் வருஷம்தான் இடுப்பு வலி தெரியும். அதற்கப்புறம் அது உடம்போடு சேர்ந்துவிடும். ஏதாவது சந்தேகம் வந்தால் எழுது, பதில் போடுவேன்.

தங்கை